போணி

எனக்கும் அவருக்கும் நடுவில்
ஒன்பது அங்குலச் சுவர்.
இந்தப் பக்கம் ஜெராக்ஸ் மிஷின்.
அந்தப் பக்கம் ஆணி, கீல், தாழ்ப்பாள்,
பிவிசி குழாய், போர்வெல் சாமான்.
பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகிற வழி.
காலை எட்டேகாலுக்கு அவர் ஷட்டர் ஏறும்.
என் சுவரில் காலண்டர் அதிரும்.
இருபத்திரண்டு வருஷம்.

தங்கமான மனுஷர் என்று
போஸ்டரில் போட்டிருக்கிறார்கள்.
நான் அப்படிச் சொல்லமாட்டேன்.
மழைத்தண்ணியை என் வாசலுக்குத் திருப்பிவிட்டவர்.
அரைக் கிலோ ஆணியில் ஒன்று கூடினாலும்
தராசிலிருந்து பொறுக்கி எடுத்துவிடுவார்.
'கொத்தமல்லியா, கொசுறு குடுக்க?'

ஊரின் ஆழம் அவருக்குத்தான் தெரியும்.
முதல் வருஷம்
முந்நூறு அடிக்குக் கயிறு கேட்டு வந்தார்கள்.
அப்புறம் எழுநூறு.
மாரண்டஹள்ளிக்காரர் ஒருவர்
ஆயிரத்து நூறு என்றபோது
சென்றாயன் கத்தியைக் கீழே வைத்தார்.
'அந்தப் பக்கம் வெளிச்சம் ஏதாச்சும் தெரிஞ்சா
சொல்லி அனுப்புங்க.'
சிரித்தார். பல்லில் பழுப்புக் கோடு.
எனக்கும் உண்டு.
இந்தத் தண்ணி குடித்து வளர்ந்த எல்லோருக்கும் உண்டு.

மோட்டாருக்குக் கடன் கொடுப்பார்.
கல்யாண வீட்டு ஒயருக்குக் கொடுப்பார்.
தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்கு விழுந்த மாசியில்
வாங்கினவன் முகத்தைக்கூடப் பார்க்காமல்
நோட்டில் எழுதிக்கொண்டார்.
பாடைக் கயிறு மட்டும் ரொக்கம்.
அதில் பேச்சே கிடையாது.
'செத்தவனக் கடன்காரனா அனுப்பக் கூடாது.'

ஒரு தடவை
பஸ் ஸ்டாண்டில் பாட்டில் பொறுக்குகிறவர்
பொண்டாட்டி செத்துவிட்டதென்று வந்து நின்றார்.
கையில் ஒன்றுமில்லை.
சென்றாயன் நேராக என் கடைக்கு வந்து
நூறு ரூபாய் கைமாத்து வாங்கினார்.
அதை அந்த ஆளிடம் கொடுத்தார்.
அந்த ஆளிடமிருந்து வாங்கினார்.
கல்லாவில் போட்டு, பில் கிழித்துக் கொடுத்தார்.
என் நூறு
இன்றுவரை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்
சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கொட்டியது.
ஆணி டப்பாதான் என்று நினைத்தேன்.
பத்து ஆதார் நகல் எடுக்க வேண்டியிருந்தது.
எட்டாவது வெளியே வரும்போது
மாதேஸ்வரி கத்தினாள்.

ஆணி டப்பாவும்தான்.
தரையெல்லாம் இரண்டங்குல ஆணி.
ஒரு ஏணி.
அவர் கையில் முக்கால் இஞ்ச் எல்போ,
வாங்க வந்தவர்
அதைக் கேட்கவும் முடியாமல்
போகவும் முடியாமல் நின்றார்.
அந்த இரண்டு நகல் நேரத்தைப் பற்றி
டாக்டரிடம் நான் கேட்கவில்லை.

புதன்கிழமை.
மூங்கில் வந்தது, மட்டை வந்தது, பூ வந்தது.
கயிறு எங்கே என்றார்கள்.
எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.
இந்தத் தெருவில்
கயிறு விற்கிற கடை ஒன்றுதான்.

பாதி ஷட்டர் ஏற்றி
குனிந்து உள்ளே போனாள் மாதேஸ்வரி.
பதினோரு வருஷம் அங்கே வேலை பார்க்கிறவள்.
மேஜையில் அடித்த பித்தளை அளவுகோலில் வைத்து
அடி அடியாக அளந்தாள்.
ஒரு விரல்கடை கூடவில்லை.
ஓசூரிலிருந்து வந்திருந்த மகன் நவீன் கை நீட்டினான்.
அவள் கொடுக்கவில்லை.

'தொண்ணூத்தாறு ரூபா.'

அவன் மேலே சட்டையில்லை, ஈர வேட்டி.
கல்லாச் சாவியோ
ஐஸ் பெட்டிக்குள், அவர் அரைஞாண் கயிற்றில்.
எவனோ பின்னாலிருந்து
'இதுக்குமா காசு?' என்றான்.

அவள் என் கடைக்கு வந்தாள்.
என்ன கேட்கப் போகிறாள் என்று தெரியும்.
கேட்கட்டும் என்று நின்றேன்.
கேட்டாள். கொடுத்தேன்.
அதை நவீனிடம் கொடுத்தாள்.
நவீனிடமிருந்து வாங்கினாள்.
கல்லாவின் துவாரத்தில் மடித்துப் போட்டாள்.
பாக்கி நாலு ரூபாய்க்குச் சில்லறை இல்லை.
நாலு ஆணியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

ஆக, இருநூறு.

அன்றைக்கு அந்தக் கடையில் அதுதான் போணி.
பில் புத்தகத்தில் தேதி போட்டாள்.
கயிறு, அடி, விலை எழுதினாள்.
பெயர் என்று அச்சடித்த இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு எழுதினாள்:
ரொக்கம்.