மாட்டுக் கணவாயில் ஒரு தராசு

பாதை தொடங்கும் இடத்தில்
கொக்கித் தராசோடு நிற்பது என் வேலை.
மஃபாத்துக்குள் வண்டிச் சாலை கிடையாது.
நடந்து இறங்கு, நடந்தே ஏறு,
கொண்டுபோனதைக் கொண்டுவா.
மாநாட்டின் ஒரே சட்டம் அது.
அதைக் காக்கும் அதிகாரி, சேந்த்-ஆந்த்ரே ஊர்
மிரேய் சின்னப்பையன்.
(பாஸ்போர்ட்டில் சினாபாயேன்.
பெண்பிள்ளைக்கு இப்படியொரு குடும்பப் பெயர்.)

பதினெட்டு நாடுகள், அறுபத்திரண்டு முதுகுகள்.
கொரியாக்காரரின் பை பதினொரு கிலோ இருநூறு.
சிலியிலிருந்து வந்தவள் ஆறரை,
அதில் இரண்டு வெறும் புத்தகம்.
ஸ்காட்லாந்துக்காரர் எடை போட்ட பிறகு
திரும்பி நின்று ஒரு புட்டியைத் திணித்தார்.
பார்க்காத மாதிரி எழுதிக்கொண்டேன்:
ஏறத்தாழ ஒன்று.

எல்லாரும் கடல் தாண்டியது ஆகாய வழியாக.
அதை மாட்ட என் தராசில் கொக்கி இல்லை.
குறிப்பேட்டின் கடைசிப் பத்தியைக்
கோடு மட்டும் போட்டு விட்டுவைத்தேன்,
தலைப்பு எழுதவில்லை.

தமரேன் காட்டுக்குள் இறங்கினோம்.
புளியமரம் என்று எண்ணிவிடாதீர்கள்,
பெயர்தான் அப்படி,
இனத்தில் நம் கருவேலத்துக்குப் பங்காளி.
ஒரு தெக்-தெக் குருவி கிளை மாற்றிக் கிளை மாற்றி
யார் இதுகள் என்று கூடவே வந்தது,
பதிவுக் கட்டணம் கட்டாமல்.

லா நூவெலில் ஜோசியானின் விடுதி.
சிலாவோஸ் பருப்பு, சூசூ, சோறு.
ஆளுக்கொரு தகரத் தட்டு, கழுவுவது அவரவர் கை.
சாப்பிடும்போது ஹெலிகாப்டர் இரைந்தது.
எல்லாரும் முகம் சுளித்து நிமிர்ந்தார்கள்.
இறங்கியது ஜோசியானின் கேஸ் உருளை,
கோழித் தீவனம்,
எங்கள் புரொஜெக்டர்.
நான் தட்டிலிருந்த பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள், பிற்பகல் இரண்டரை: நார்வே, ஊன்னி.
வரவில்லை.
பறக்க மாட்டேன், முக்காலி மட்டும் போட்டுவையுங்கள்,
உரை தபாலில் வருகிறது என்று
மாசி மாதமே சொல்லியிருந்தாள்.
முக்காலி வந்தது. தபால் வரவில்லை.
அந்த ஒரு மணி நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்தோம்.
'வெட்டவெளியே வகுப்பறை', நாற்பது படங்கள்.
வெயில் திரையைக் கெடுக்கிறது என்று
சன்னல்களைச் சாத்திக்
கதவில் ஒரு கம்பளியும் தொங்கவிட்டார்கள்.

வெளியே அந்நேரம்
இரண்டு நாளாய் மூடிக் கிடந்த மேகம் கிழிந்து
மலைச்சுவர் முழுக்கத் தெரிந்தது,
அருவிகள் நூல் நூலாக.
எனக்கெப்படித் தெரியும் என்றால்
வெங்காயத் தோலை எடை போட்டுக்கொண்டு
நான் முற்றத்தில் இருந்தேன்.
கூப்பிட்டிருக்கலாம்.
கூப்பிடவில்லை. நிகழ்ச்சி நிரல் தயாரித்தவளும் நான்தான்.

வெளியே வந்த குப்பை முப்பத்தொரு கிலோ நானூறு.
கைகுலுக்கல்கள், படங்கள்.
புட்டி காலியாகத் திரும்பியது,
எடை குறைவு, முகம் சிவப்பு.

ஒன்பது நாள் கழித்து
கடன் வாங்கிய முக்காலிகளைக் கணக்குத் தீர்க்கப்
போயிருந்தேன்.
தபால்காரர் அர்மான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே
உறையை நீட்டினார்.
கப்பலில் வந்த கடிதம், நாலு துறைமுக முத்திரை.
உள்ளே ஒற்றைத் தாள்:

இதைப் படிப்பவர் இத்தோடு நிறுத்திக்கொண்டு
எல்லாரையும் வெளியே அனுப்பிவிடவும்.
ஒரு மணி நேரம்.
கேள்வி நேரம் கிடையாது.

ஜோசியானுக்கு உரக்கப் படித்தேன்.
சூசூவின் தோலைச் சீவியபடி கேட்டாள்:
'வெளியேதானே இருக்கோம்?'
கோழிகள் அவள் காலடியில் கூடியிருந்தன.

திரும்பும் வழியில், கணவாயில்,
கடிதத்தைக் கொக்கியில் மாட்டிப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.
காற்று வேறு, மறுபடி மாட்டினேன்.
அப்புறம் அந்தத் தலைப்பில்லாத பத்தியைத் திறந்து
ஊன்னி, பூஜ்யம் என்று எழுதினேன்.
கீழே என் பெயர்:
சேந்த்-ஆந்த்ரே, நாற்பது கிலோமீட்டர்,
பக்கத்து வீட்டுக் கார்.
அடுத்தது கொரியா.
அடுத்தது சிலி, எத்தனை விமானம் மாறினாளோ,
கேட்டு எழுத வேண்டும்.

பதினேழாவது பெயரில் மழை பிடித்துக்கொண்டது.
வண்டி வரும்வரை
குறிப்பேட்டைச் சட்டைக்குள் வைத்திருந்தேன்.