மிடறு

ஜுபைல். நோன்பு மாதத்துப் பகல் பதினொரு மணி.
கட்டடத்தில் பாதிப் பேர் எதையும் விழுங்காத நேரத்தில்
இன்னாசியை விழுங்கச் சொல்கிறோம்.

ஸ்பூனில் பேரியம் கலந்த தயிர்.
சுண்ணாம்பை நக்கியதுபோல் முகம் சுளிக்கிறார்.
பக்கவாதம் வந்து, மூக்கில் குழாய் ஏறி
நாற்பத்தொரு நாள்.

எக்ஸ்ரே திரையில் பக்கவாட்டில் தெரிகிறார்:
தாடை, அடைத்த கடைவாய்ப்பல், கழுத்தெலும்பின் அடுக்கு,
அதற்கு முன்னால் ஒரே ஒரு நடை.
காற்றுக்கும் அதுதான், கஞ்சிக்கும் அதுதான்.
கீழே போய்ப் பிரிகிறது,
மூச்சுக்குழல் முன்னால், உணவுக்குழல் பின்னால்.
ஆக, மூச்சின் பாதையைக் குறுக்கே தாண்டித்தான்
சோறு போயாக வேண்டும்.
இந்த வரைபடத்தில்
எந்த சேஃப்டி ஆபீசரும் கையெழுத்துப் போடமாட்டார்.

என்றாலும் நடக்கிறது. ஒரு நொடிக்குள்,
அண்ணம் எழும்பி மூக்கை அடைக்க,
சங்கு எம்பி நாக்கின் அடியில் ஒதுங்க,
இலைபோல் ஒரு மூடி கவிழ,
குரல் நாண்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ள,
மூச்சு நின்று
வழிவிடுகிறது.

இன்னாசிக்கு எல்லாம் தாமதம்.
தயிர் தாண்டிவிட்டது.
தண்ணீர் காத்திருக்கவில்லை.
மூடி கவிழுமுன்னே ஒரு கறுப்பு நூல்
மூச்சுக்குழலின் முன்சுவரில் இறங்கியது.
இருமவில்லை.
புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம்.
இவருக்குப் புரையே ஏறவில்லை.
அதுதான் பயம்.

ரோவெனா படத்தை நிறுத்தினாள்.
"கீழே பார்க்கச் சொல்லு. தாடை நெஞ்சைத் தொடணும்."
தமிழில் சொன்னேன்.

பதினெட்டு வருஷம் சாரம் கட்டியவர்.
டவர் உச்சியில், இடுப்பில் கொக்கியோடு,
கீழே பார்க்காதடா, பார்த்தா போச்சு என்று
புதுப் பையன்களிடம் கத்திய தொண்டை
குழறலாய்க் கேட்டது:
"கீழயா?"

"கீழதாண்ணே."

யோசித்தார். குனிந்தார்.
மறுபடி ஐந்து மில்லி.
சங்கு எம்பியது.
கறுப்பு பின்பக்கமாய்ச் சரிந்து
ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் போனது.
பிறகு, மூக்கில் ஒரு சின்ன வெளிமூச்சு.

தொண்டைக்கும்
அதில் இறங்கும் ஒரு வாய்த் தண்ணீருக்கும்
நம்மிடம் ஒரே பெயர்தான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'தலை குனிந்து, சிறு அளவில்' என்று ரோவெனா நிரப்பினாள்.
இன்னாசி சுலைமானி எப்போது என்றார்.

மாலையில் பாங்கு கேட்டதும்
பேரீச்சம்பழமும் தண்ணீரும் வந்தன.
பழக்கத்தில் பாட்டிலை உயர்த்தி
அண்ணாந்தேன்,
உதட்டுக்கு ஒரு சாண் மேலே
கை நின்றுவிட்டது.