மூன்றாம் பாத்தி

மூக்கையூர்த் துறைக்குப் பின்னால்
பிரிட்டோவின் டீசல் பீப்பாய் சாய்ந்த இடத்தில்
மண் தண்ணீரை வாங்காது.
ஊற்றினால் முத்துமுத்தாய் உருண்டு
உடைமர நிழலுக்கு ஓடிவிடும்.

வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து விதைக்கவில்லை.
தின்னத் தெரிந்தவை உள்ளேயேதான் கிடக்கின்றன,
தாகத்தில் சுருண்டு.
எண்ணெயை மட்டும் தின்றால் உடம்பு தேறாதே,
அதற்குக் கொஞ்சம் யூரியா,
கருவாட்டுக் கொட்டகையின் செதில் கழிவு,
மூச்சு விட மரத்தூள்.
வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டல்.
மற்றதெல்லாம் தண்ணீர்.

தண்ணீர்தான் சங்கடம்.
நூறடியில் கடல், ஒரு சொட்டு உதவாது.
குடம் பதினைந்து ரூபாய்.
லாரி பாதித் தொட்டியோடு வந்த வெள்ளிக்கிழமை
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெர்னதெத்
திரும்பிக் கேட்டாள்:
“கண்ணுக்கே தெரியாததுக்கா குடம் குடமா?”
பதில் இருந்தது. சொல்லவில்லை.
அன்று அரைக்குடம்தான் பாத்திக்கு,
மேலே ஈரச்சாக்கு.

எழுபதாம் நாள்.
முதல் பாத்தி, ஒப்பிட்டுப் பார்க்க விட்டது,
கறுப்பு, அப்படியே.
இரண்டாவதில் உப்புப் பூத்திருக்கிறது. என் தப்பு,
மிச்சம் பிடிக்கிறேன் என்று
மீன் கழுவிய நீரை ஊற்றினேன்.
மூன்றாவதில் கையை விட்டேன்.
உள்ளங்கைக்கு லேசான சூடு:
உள்ளே உலை வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டோ ஒரு பிடி அள்ளி மோந்து
“இன்னும் டீசல்தான்” என்றான்.
ஆமாம். பாதி.

சொம்பில் மிஞ்சியதைச் சாய்த்தேன்.
உருளவில்லை.
நின்றது,
கொஞ்சம் யோசித்தது,
இறங்கியது.