கத்திரியில் கணப்பு

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
வேலூர் லாங்கு பஜாரில் கடைகடையாக ஏறி
வீட்டைச் சூடாக்க
விறகடுப்பு கிடைக்குமா என்று கேட்டோம்.

முதல் கடையில் சிரித்தார்கள்.
அடுத்த கடையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள்.
மூன்றாவது கடைக்காரர்
நாலு பக்கமும் ஏர்கூலர் இரைய
என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு
அருள்தாஸிடம் தணிந்த குரலில் விசாரித்தார்:
'ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்தீங்களா சார்?'

என்ன செய்ய, மே மாதம்தான் எனக்கு லீவு.
ஜமுனாமரத்தூர் தாண்டி,
தார் ரோடு முடிந்த பிறகும் மேலேறும் மண்பாதையில்
துணை சுகாதார நிலையம்.
அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு
எங்கள் ஓரறைக் குவார்ட்டர்ஸ்.
போன மார்கழியில்
இரண்டு கம்பளிக்குள் கிடந்து முடிவெடுத்தோம்.
அதை நிறைவேற்ற வந்திருக்கிறோம்
ரவிக்கை முதுகோடு ஒட்ட.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
வெல்டிங் பட்டறை முனிரத்தினம்
சிரிக்கவில்லை.
'சமைக்கவா?'
இல்லை.
'வெந்நீருக்கா?'
அதுவும் வைக்கலாம். ஆனால்
சும்மா எரியத்தான்.
'சும்மா எரியறதுக்கு ஒரு அடுப்பு'
என்று சொல்லிப்பார்த்துக்கொண்டார்.
'சரி, எவ்ளோ குளிரும் அங்க?'

நாற்பத்திரண்டு டிகிரியில் நின்று
எப்படிச் சொல்வது?
உடம்பு எதையும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.
தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும் என்றேன்.
'எங்கூட்டு பிரிட்ஜ்லகூட ஆவுது.'
வாய் திறந்தால் புகை வரும் என்றான் அருள்தாஸ்.
சினிமாவில் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

அப்புறம் சொன்னேன்:
ராத்திரி பிரசவத்துக்குக் கூப்பிட்டால்
ஸ்டெதாஸ்கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் நடப்பேன்,
அப்படியே வயிற்றில் வைத்தால்
வலியை விட்டுவிட்டு அதற்குக் கத்துவார்கள் என்று.

முகமூடியைக் கழற்றி வைத்தார்.
சாக்கட்டியால் தரையில் கோடு போடத் தொடங்கினார்.

என்ன கட்டை எரிப்பீர்கள்?
சில்வர் ஓக் கழித்துப்போட்டது,
காய்ந்த நாவல், பலாக் கிளை.
சந்தனம் தவிர எல்லாம் என்றான் அருள்தாஸ்,
கார்டு பயம் எங்களுக்கும் உண்டு.
மழையில் நனைந்ததா? நனைந்ததும்தான்.
அப்படியானால் குழாய் ஒன்பதடி,
கூரைக்கு மேலே தொப்பி,
இல்லையேல் புகை குடித்தனம் வந்துவிடும்.

கதவுக்குக் கண்ணாடி வேண்டும் அவனுக்கு,
நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க.
வெடிக்காத கண்ணாடி இந்த ஊரில் இல்லை.
பேரம் முடிந்து
ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை.

தகடுதான் பாக்கி.
மெல்லிசு: பத்து நிமிஷத்தில் காயும்,
கட்டை தீர்ந்ததும் ஆறும்.
அருள்தாஸ் சுண்டினான், கணீரென்றது.
பிடித்துவிட்டது அவனுக்கு.
கனத்தது: காயவே ஒரு மணி நேரம்.
நான் சுண்டினேன்.
விரல்தான் வலித்தது.

அவன் தூங்கிவிடுவான்.
விடியக்காலை நாலு மணிக்கு
யார் வீட்டு ரத்தமோ புடவை ஓரத்தில் காய
கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவள் நான்.
இதுதான் என்றேன்.

நாலாம் நாள் மதியம் தயாரானது.
அறுபத்தாறு கிலோ.
கண்டக்டர் இரண்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்,
பஸ் கூரையில் ஏற்றிய பையன்
'அம்மாடி' என்று கையை உதறினான்.
கோணியைச் சுற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள்.
போளூர் வரை அனல்.
மலைப்பாதை தொடங்கியதும் ஜன்னலைச் சாத்தினேன்,
பத்து நாளில் முதல் தடவையாக.

இறக்கும்போது ஏழரை.
காற்றில் பனியா தூறலா தெரியவில்லை.
நாலு பேர் தூக்கி ரோட்டோரம் வைத்துவிட்டுப் போனார்கள்.
ஜீப் வரவேண்டும்.
உட்கார வேறு இடமில்லாமல்
கோணியை விலக்கி அதன்மேல் உட்கார்ந்தேன்.

'அருள், இங்க வா.
கையை வச்சுப் பாரு.'

இன்னும் ஒரு சுள்ளிகூட வைக்கவில்லை.
வேலூர் வெயில்
உள்ளே இருந்தது.