சான்றாவணம் ஒன்று

மேலூர் கோர்ட்டு. சனிக்கிழமை.
வாய்தா இல்லாத வராந்தாவில்
ஒன்பதாம் வகுப்புச் செருப்புகள்
முப்பத்தெட்டு ஜோடி.

சட்ட விழிப்புணர்வு முகாமாம்.
பொய்யாக ஒரு வழக்கு நடத்தினார்கள்:
கண்மாய்க் கரையை வெட்டியது யார்?

நீதிபதி பாண்டிமீனா.
அம்மாவுக்குக் கீழவளவில் ஜல்லி உடைக்கிற வேலை.
இரவல் அங்கி, மடித்து ஊக்கு குத்தியும்
படியில் தடுக்கியது.

இருபத்திரண்டு வருசமாக டவாலி நான்.
'சைலன்ஸ்' என்று முன்னால் நடந்து
எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் விட்டிருக்கிறேன்.
சுவர்ப் பலகையில் அவர்கள் பெயர்கள்;
ஒரு மீனா கிடையாது.
யாருக்கும் கால் தரைக்கு எட்டாமல் போனதில்லை.

இவளுக்கு எட்டவில்லை.
தள்ளுபடியான பழைய கட்டு இரண்டைக்
காலடியில் வைத்தேன்.
"பேப்பர் மேலயா காலு?"
மேலே இழுத்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள்,
நீதிபதி நாற்காலியில்.

பாதி விசாரணையில் ஒரு சீட்டு,
ஹெட்மாஸ்டர் கையெழுத்தில்:
'சேர்மன் பரிசு தர வருகிறார்.
நண்டு வளையால் உடைந்தது என்று சீக்கிரம் முடி.'

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
மடித்த சீட்டுகள் என் கைக்குப் புதுசில்லை.

பிரித்தாள்.
எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தாள்,
தேதி வரைக்கும்.
டைப்பிஸ்டாக இருந்த பையனைப் பார்த்து,
"இதையும் குறிச்சுக்க.
சான்றாவணம் ஒன்று."

தீர்ப்பு வரவில்லை.
எலுமிச்சைச் சாதம் வந்துவிட்டது, ஓடிவிட்டார்கள்.

நாற்காலியில் அங்கி, திறந்த ஊக்கோடு.
திங்கட்கிழமை அய்யா வருவார்.
சட்டைப்பையைத் துழாவினேன்.
காலிதான்.
ஆனாலும் வெளியே இழுத்து
ஒருதரம் உதறினேன்.