இரவுக் காவல்: எண்ணிக்கை

ஒன்பதாவது பள்ளி.
கடைசி மின்கம்பம் சோள அரைவை ஆலையோடு நின்றுவிட்டது.
அங்கிருந்து மூன்றரைக் கிலோமீட்டர் என்றது வண்டியின் மீட்டர்.
"மழையில் ஐந்து" என்றார் ஓட்டுநர் ம்ஸுமாரா.
மூன்றரை என்றே எழுதினேன்.

படிவத்தில் முப்பத்தெட்டுக் கேள்விகள்.
லிலோங்வேயில் ஏசி அறைக்குள் இருந்தபடி யாரோ
தூசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்:
குறைவு, மிதம், அதிகம்.
செப்டம்பர் மாதம், கஸ்வேராக் குன்றின் அடியில்,
தூசி ஓர் அளவு அல்ல, ஆள்.
எனக்கு முன்பே வந்து
நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

தலைமை ஆசிரியர் கயாங்கே
அந்த வெயிலில் கோட்டு போட்டு நின்றார்.
கணினிப் பாடம் இப்போதே நடக்கிறது என்றார்.
நடந்தது.
சமையல் எண்ணெய் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி
நீல மையில் கட்டம் கட்டமாய் விசைப்பலகை.
ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு
தன் பெயரைத் தட்டிக் காட்டினான்.
தப்பாகத் தட்டினால் எப்படித் தெரியும் என்றேன்.
"பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான், மேடம்."

பிறகு அந்த அறை.
தகரக் கூரைக்கு அடியில் பலகைத் தளம்,
சன்னலுக்குக் கம்பி, கதவுக்கு இரண்டு பூட்டு.
எட்டுப் பள்ளியில் காணாத அறை.
கயாங்கே ஒவ்வொரு கம்பியாக இழுத்து ஆட்டிக் காட்டினார்,
மாட்டின் வாயைப் பிளந்து
பல்லைக் காட்டும் வியாபாரி மாதிரி.

டேப்பின் நுனியைச் சுவரோரம் வைக்கக்
குனிந்தபோதுதான் பார்த்தேன்.
தரையில் சாக்பீஸ் கோடுகள்.
பாய் அகலத்துக்கு ஒரு கட்டம்,
கட்டத்துக்கு ஒரு பெயர்.
ஈரத்துணியால் அவசரமாகத் துடைத்திருந்தார்கள்;
ஈரம் காய, பெயர்கள் வெளுத்து மேலே வந்துகொண்டிருந்தன.
தெம்வனானி. லுசுங்கு. டிவோங்கே.
மூலையில் நகமளவு சோப்பு.

"பெண்பிள்ளைகள்" என்றார், என்னைப் பார்க்காமல்.
"பதினாறு கிலோமீட்டர் நடந்து வருகிறவர்கள்.
முன்பு கடைத்தெருவில் வாடகைக்கு இருந்தார்கள்.
அந்த வருஷம் ஆறு பேர் பரீட்சைக்கு வரவில்லை."
ஏன் என்று படிவம் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
கணினி வந்தால்?
"சமாளிப்போம்."
ஒன்பது பள்ளியிலும் கேட்ட சொல்.
டிக் அடிக்க அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

கட்டடத்துக்குப் பின்னால்
சுருட்டிய பாய்கள், மேலே தார்ப்பாய்.
இன்று ஒரு நாள் மட்டும் வெளியே.
அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள் டோவேரா,
இரண்டாம் படிவம். ஆடு வந்து கடித்துவிடுமாம்.
யாரும் கேட்காமலே பேசினாள்:
பகலில் அவை இருக்கட்டும், இரவில் நாங்கள்.
மேசைக்கு அடியில் படுத்துக்கொள்வோம்.
மேசைக்காலில் கொசுவலை கட்டலாம்.
வயரைத் தொட மாட்டோம்.
திருடன் வந்தால் இருபத்து மூன்று பேரும் கத்துவோம்.
காவல்காரன் ஒருத்தன், எவ்வளவு கத்துவான்?

பிறகு, குரலைத் தாழ்த்தி:
"கம்ப்யூட்டர் சூடாகுமாமே, நிஜமா?
அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு இருக்குமா?
ஜூனில் தரை ரொம்பச் சில்லிடும்."

கேள்வி முப்பத்தொன்று:
இரவுக் காவல் உண்டா? எண்ணிக்கை?

வண்டிக்குள் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.
ம்ஸுமாரா என்ஜினைப் போட்டார், அணைத்தார்,
மறுபடி போட்டார்.
பூஜ்யம் என்றால் பள்ளி விழுந்துவிடும்.
இருபத்து மூன்று என்றால், யார் அவர்கள் என்பார்கள்;
சொன்னால், அறையைக் காலி செய் என்பார்கள்.

23.

குறிப்புக்கு விட்டிருந்தது ஒரே வரி.
'அறையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.
இன்னோர் அறை கட்டவும்.'
இரண்டாவது வாக்கியம் வரியைத் தாண்டி
தாளின் விளிம்பில் ஏறிவிட்டது.
ஸ்கேனர் விளிம்பை வெட்டிவிடும், எனக்குத் தெரியும்.

அடித்துவிட்டு
எழுத்தைச் சிறிதாக்கி
திரும்ப எழுதினேன்,
கட்டடத்தில் இருந்து தொடங்கி.