மூன்று முறையில் திரும்பும் வண்டி

அல்சூரில் எங்கள் தெருமுனையை
இந்தக் கான்டெஸா ஒரே மூச்சில் கடந்ததில்லை.
முன்னே, பின்னே, மறுபடி முன்னே.
அதற்குள் இளநீர்க்காரர் தள்ளுவண்டியை
ஒரு சாண் நகர்த்திவிட்டு
என்னைப் பார்க்காததுபோல் பார்ப்பார்.
ஆட்டோக்காரர்கள் மூன்று மொழியில் வாழ்த்துவார்கள்.

இன்று ஞாயிறு.
ஹொஸ்கோட்டைக்கு அப்பால்
யாரோ லேஅவுட் போட நினைத்து
பாதியில் கைவிட்ட செம்மண் வெளி.
ஆரஞ்சு கோன்கள் நாற்பத்தொன்று.
வெயில் ஏறுமுன் நடந்தே எண்ணினேன்.
மற்றவர்கள் நேர்ப்பாதையில் நின்று
டர்போ பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
நான் பன்னிரண்டாவது கோனருகே
அடிமேல் அடி வைத்து அளந்தேன்.
உள்ளே ஒன்று, வெளியே ஐந்து,
இடையில் என் வண்டியின் நீளம்,
கூட இரண்டு பாதம்.
சின்ன கார்களுக்கு அது வளைவு.
எனக்குச் சுவர்.

'இதில் ஏன் வந்தீங்க?' என்றாள் தேஜஸ்வினி,
ஹெல்மெட்டுக்குள் கூந்தலைத் திணித்தபடி.
பதில் தயாராக இல்லை.
டிக்கி பெரிசு என்றேன்.

முதல் ஓட்டம்.
பாய்ந்து போனேன்,
ஸ்டியரிங்கை இயன்றவரை திருகினேன்.
திருகத் திருகத் திறப்பது தண்ணீர்க்குழாய்.
சக்கரம் திரும்பியிருந்தது,
வண்டி திரும்பவில்லை.
சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு
தன் வழியே போகிற ஆள்போல
மூக்கை நீட்டிக்கொண்டு போய்
வெளிக்கோன்கள் இரண்டைப் படுக்கவைத்தது.
கொடி பிடித்த பையன் வந்து நிமிர்த்தினான்,
பந்தி முடிந்து நாற்காலி அடுக்குபவன்போல
அவசரமேயில்லாமல்.
கோனுக்கு மூன்று விநாடி.
வெட்கத்துக்குக் கணக்கு இல்லை.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன்
வரிசையில் நின்றபடி
ஸ்டியரிங் தோலில் நகத்தால் வரைந்து பார்த்தேன்.
கோனை ஒட்டித் திரும்ப ஆசைப்படுகிறவனை
கோன் வெளியே தள்ளிவிடுகிறது.
அதைவிட்டு விலகிப் போ.
எதிர்ப்பக்கம், கடைசி ஓரம்வரை.
நேராக இருக்கும்போதே பிரேக்.
மூக்கு குனியட்டும்,
முன்சக்கரங்கள் மேல் எடை வந்து உட்காரட்டும்.
பிறகு
ஒன்று என்று எண்ணி முடிக்கும் நேரம்
எதுவும் செய்யாமல் இரு.

இந்த ஒன்றுதான் கடினம்.
கை அரிக்கிறது.
கோன் ஜன்னலைத் தாண்டிப் போகிறது,
'விட்டுட்டே' என்கிறது வயிறு.
இன்னும் இல்லை.
இன்னும்

இப்போது.
கொஞ்சமாக ஸ்டியரிங்,
ஹேண்ட் பிரேக்கை ஒரு இழு, உடனே விடு.

திரும்புவது முன்பக்கத்தின் வேலை என்றே
இருபது வருடமாய் ஓட்டியிருக்கிறேன்.
பின்பக்கம் கிளம்பியது.
டிக்கி, ஸ்டெப்னி, நான் எடுக்க மறந்த
ஐந்து கிலோ அரிசிப் பை எல்லாம் சேர்ந்து
ஒரு பெரிய வீட்டுக் கதவுபோல வீசித் திறக்க,
வெளியேறும் வழி
முன்கண்ணாடியில் இல்லை,
பக்க ஜன்னலில் இருந்தது.
அங்கே பார்த்தேன்.
பார்த்த இடத்துக்கு வண்டி வந்தது.
ஸ்டியரிங்கைத் திரும்ப விட,
ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிக்க,
செம்மண் வால்போல எழுந்து
கொடிப் பையனை மூடியது.

புழுதிக்குள்ளிருந்து அவன் கை மட்டும்:
கோன் சரியவில்லை.

பத்தொன்பது பேரில் பதினொன்று.
தேஜஸ்வினி நான்கு.
அவளுக்குப் பாதி அரிசி தரட்டுமா என்று கேட்டேன்,
சிரித்தாள், மண் படிந்த பற்களோடு.

மாலை கே.ஆர்.புரத்தில் யூ-டர்ன்.
எண்ணி இரண்டு பேருந்துகள் காத்திருந்தன.
இங்கே விலகிப் போக ஓரம் இல்லை,
வீசித் திறக்க வெளி இல்லை.
முன்னே, பின்னே, மறுபடி முன்னே.

தெருமுனையில் இளநீர்க்காரர்
இந்த முறை வண்டியை நகர்த்தவில்லை.
குனிந்து பின்பம்பரைச் சுட்டினார்.
இடுக்கில், நக அளவுக்கு,
ஆரஞ்சு ரப்பர்.

சரியவில்லை என்றுதானே சொன்னான்.
தொடவில்லை என்று சொல்லவில்லை.

அதைப் பிடுங்காமல் விட்டேன்.
அவர் தள்ளுவண்டியை ஒரு சாண் நகர்த்த,
ரிவர்ஸ் போட்டேன்.